மாற்றாள் பிள்ளை

குங்கூர், 9 பிப்ரவரி 1997

யெகோர்,

உயிரோடு இருக்கிறாயா? இருக்கிறாய் என்று தெரியும். டிப்போ ஓட்டுநர் மகர்தான் உன் விலாசத்தைக் கொடுத்தான். அவனுக்குக் கடிதம் போட உனக்குக் கை வருகிறது, எனக்குப் போட வரவில்லை. உங்கப்பா போய்ச் சேர்ந்த நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்த மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் போனவன்தான். ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கியில் பஸ் எப்போது வரும் என்று சொல்கிறவள் நான். என் வீட்டுப் பையன் எப்போது வருவான் என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

சரி, சண்டை போட எழுதவில்லை. தக்காளிக்காக எழுதுகிறேன்.

உங்கப்பா ஓடாத பஸ்களின் ஜன்னல்களைக் கழற்றிக் கட்டிய கண்ணாடிக் குடில் பனி பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ‘அவசர வழி’ என்று எழுதின கண்ணாடி மட்டும் உடைந்துவிட்டது. அடுத்த மாதம் ஜன்னலோரம் விதை போட்டால்தான் மே மாதம் நாற்றைக் குடிலில் நட முடியும். என்ன ரகம் போடலாம் என்று இத்தனை வருஷத்தில் என்னை யாராவது கேட்டதுண்டா? ஒவ்வொரு வருஷமும் காளை நெஞ்சு ரகம்தான். “பழம்னா கை நெறய இருக்கணும் ரிம்மா, இல்லேன்னா பேசாம செர்ரி பறிச்சுத் தின்னுட்டுப் போகலாமே” என்பார் உங்கப்பா. கை நிறையத்தான் இருந்தது, பச்சையாக. ஆகஸ்டில் குளிர்பனி இறங்கி இலை கருகுவதற்கு முன்னால் எல்லாக் காயையும் பறித்து, உன் பழைய கம்பளி பூட்ஸுக்குள் போட்டுக் கட்டிலடியில் தள்ளுவோம். அக்டோபரில் கால் நாற்றத்தோடு பழம் சாப்பிடுவோம். அதையும் அந்த மனிதர் “ஆகா, ஆகா” என்று சாப்பிட்டார்.

இப்போது நான் ஒருத்திதான் தேர்ந்தெடுக்க வேண்டும். நெட்டை ரகமா, குட்டை ரகமா? ஹைப்ரிட்டா, நாட்டு விதையா? நீ தக்காளி விளைகிற தெற்கில், தக்காளித் தொழிற்சாலையில் இருக்கிறாய். சொல்லேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தோட்டத்து ஃபைனாவின் மாப்பிள்ளை அந்தக் கண்ணாடிகளைக் கேட்கிறான். எரு சுமக்க என் முதுகு மாட்டேன் என்கிறது. இந்த வருஷம் மட்டும் போட்டுப் பார்க்கிறேன். ஆகஸ்டில் நீ வந்து, பழத்தைத் தின்றுவிட்டு, “வச்சுக்கோ சித்தி, அடுத்த வருஷம் எரு நான் சுமக்கிறேன்” என்று சொன்னால் குடில் இருக்கும். இல்லையென்றால் கொடுத்துவிடுவேன்.

சித்தி

•

தீமஷோவ்ஸ்க், 3 மார்ச் 1997

மதிப்பிற்குரிய ரிம்மா அர்க்காத்யெவ்னா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். பதப்படுத்தும் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். தங்க விடுதி கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

எந்த ரகம் வேண்டுமானாலும் போடுங்கள். குடில் உங்களுடையது.

ஆனால் காளை நெஞ்சு வேண்டாம். அப்பாவிடமே நான் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். பழம் பெரிதாக ஆகப் பழுக்க நாள் கூடும், உங்கள் ஊரில் நாள்தான் கிடையாது. இங்கே வெட்டவெளியில் களை மாதிரிக் காய்க்கிற ரகங்களைக் கேட்காதீர்கள், அனுப்ப மாட்டேன். அங்கே ஜூன் மாத இரவுக் குளிரில் அவை பூவை உதிர்த்துவிட்டு நிற்கும். பொட்டலத்தின் முன்னால் இருக்கிற படத்தைப் பார்க்காதீர்கள், பின்னால் இருப்பதைப் படியுங்கள். சீக்கிரம் பழுப்பது, குளிரில் காய் பிடிப்பது, இவை இரண்டும் இருந்தால் வாங்குங்கள். சீக்கிரம் பழுத்துவிட்டால் கருகல் நோய் வருவதற்குள் பாதியைச் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள். உங்கள் கூரை தாழ்வு. நெட்டை ரகம் ஜூலையிலேயே போய் முட்டும். தானாகவே வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிற குட்டை ரகம் போதும். ஹைப்ரிட் போட்டால் அதிலிருந்து விதை எடுத்து வைக்காதீர்கள். அடுத்த வருஷம் அது என்னவாக வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குட்டை ரகத்தில் இன்னொரு வசதியும் உண்டு. மாற்றாள் பிள்ளைகள் குறைவு. பிடுங்கி எறிகிற வேலை உங்களுக்கு மிச்சம்.

ஆகஸ்டில் எங்களுக்கு வேலை அதிகம்.

யெ. வெ. ஸ்கோபெலின்

•

குங்கூர், 28 மார்ச் 1997

யெகோர் வெனியமீனவிச் துரை அவர்களுக்கு,

நான் எப்போதிலிருந்து ‘நீங்கள்’ ஆனேன்? ‘மதிப்பிற்குரிய’வாம்! எங்கள் டிப்போ மேலாளரே என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, அவன் என்னைக் கண்டு நடுங்குகிறவன். ஒன்பது வயதில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு “சித்தி, நீ தூங்காத, எனக்குப் பயமாருக்கு” என்ற பயல் நீ. கையெழுத்து வேறு, கோர்ட் நோட்டீஸ் மாதிரி.

ரகம் பற்றிச் சொன்னதற்கு நன்றி. சண்டைக்காரன் மாதிரி எழுதினாலும் சரியாக எழுதியிருக்கிறாய். பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். கடைக்காரப் பெண் “என்னக்கா, பரீட்சைக்கா படிக்கிறீங்க?” என்றாள். குட்டை ரக ஹைப்ரிட் ஒன்று வாங்கினேன். நடுத்தர உயரத்தில், சீக்கிரம் பழுக்கிற நாட்டு ரகம் ஒன்றும் வாங்கினேன், அது என் இஷ்டத்துக்கு. காளை நெஞ்சு வாங்கவில்லை. வாங்காமல் வெளியே வந்தபோது உங்கப்பாவை இன்னொரு தடவை வழியனுப்பிவிட்டு வந்த மாதிரி இருந்தது. தெருவிலேயே அழுதேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கடைசி வரி என்ன வரி, யெகோர்? செடியின் கக்கத்தில் முளைக்கிற பக்கக் கிளைக்கு மாற்றாள் பிள்ளை என்று நானா பேர் வைத்தேன்? நம் ஊரில் பெரியவர் சிறியவர் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். செடியின் சத்தை உறிஞ்சும், அதனால் கிள்ளுகிறோம். உங்கப்பா கிள்ளினார், நீயும் கிள்ளினாய். அதை ஏன் என் முகத்தில் வீசுகிறாய்? மனதில் இருப்பதை நேராகச் சொல்.

சித்தி (கோபத்தில் இருக்கிறேன்)

•

தீமஷோவ்ஸ்க், 20 ஏப்ரல் 1997

ரிம்மா அர்க்காத்யெவ்னா,

நேராகச் சொல்லச் சொன்னீர்கள்.

நாற்பதாம் நாள் மதியம், சாப்பாட்டுக்கு வந்தவர்கள் போன பிறகு, நீங்களும் ஃபைனாவும் குடிலுக்குள் இருந்தீர்கள். நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தேன். கண்ணாடி முழுக்க ஆவி, உங்களுக்கு நான் தெரியவில்லை. நீங்கள் கிள்ளிக்கொண்டே சொன்னீர்கள்: “மாற்றாள் பிள்ளைய சின்னதா இருக்கும்போதே கிள்ளிடணும். வளரவிட்டா வீட்டையே அடைச்சுக்கும், அப்புறம் கத்தி வச்சாத்தான் போகும்.” அது செடியைப் பற்றித்தான். எனக்குத் தெரியாதா? உடனே ஃபைனா சொன்னாள்: “உன் வீட்ல ஒண்ணு வளந்து கூரையத் தொடுது, அத எப்பக் கிள்ளப்போற?”

நீங்கள் சிரித்தீர்கள்.

ஃபைனா யார் எனக்கு? அவள் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். நீங்கள் “சும்மா இருடி” என்று சொல்வீர்கள் என்று வாளியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். நீங்கள் சொல்லவில்லை. தண்ணீரைப் பாதையிலேயே கொட்டிவிட்டுப் போனேன்.

அன்றிரவு என் அம்மாவின் அலமாரியைத் துடைத்து வைத்தேன். அதைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

யெகோர்

•

குங்கூர், 18 ஜூன் 1997

யெகோர்,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம் நாற்று நடுகிற வேலை என்று சொல்லலாம். பொய். உன் கடிதத்தை டிப்போவில் வைத்துப் படித்தேன். படித்த கையோடு மைக்கைப் போட்டுப் பெர்ம் பஸ்ஸை எக்கடெரின்பர்க் பஸ் என்று அறிவித்துவிட்டேன். பாதிப் பேர் மாறி ஏறிவிட்டார்கள். டிப்போவே என்னைத் திட்டியது.

சிரித்தேன். ஆமாம். நான் சிரிக்கவில்லை, உன் காதில் தப்பாக விழுந்தது என்று எழுதிப் பார்த்தேன், நாலு தாளைக் கிழித்தேன். சிரித்தது உண்மை. ஏன் சிரித்தேன்? அன்று சாப்பாட்டு மேசையில், வந்தவர்கள் எல்லோர் முன்னாலும், “அது எங்கம்மா அலமாரி, அதுல யாரும் தட்டு எடுக்க வேணாம்” என்று சொன்னாய். பதினெட்டு வருஷமாக அதிலிருந்துதான் உனக்குத் தட்டு எடுத்து வைத்தேன். ‘யாரும்’ என்றது என்னைத்தானே? அந்த வலியில் இருந்தேன். ஃபைனா அப்படிச் சொன்னதும், பலியாடு மாதிரி நான் மட்டும் நிற்கவில்லை என்று ஒரு சின்ன அற்ப சந்தோஷம். அந்தச் சிரிப்பு அவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரம். அதற்குப் போய் ஒரு வருஷமா, படுபாவி? ஆனால் உன்னைச் சொல்லிப் புண்ணியமில்லை. வாயை அடக்க வேண்டியவள் நான்.

இப்போது இதையும் கேள். உன் கடிதம் வந்த கோபம் தீராமல் ஜூன் முதல் வாரம் குடிலுக்குள் போனேன். கண்ணில் பட்ட மாற்றாள் பிள்ளை ஒன்றைக்கூட விடவில்லை. நடுத்தர ரகம், குட்டை ரகம், எல்லாவற்றிலும் கிள்ளித் தள்ளினேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் குட்டை ரகச் செடிகள் முழங்கால் உயரத்தில், தலையில் ஒரு பூங்கொத்தை வைத்துக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டன. வளரவே இல்லை. ஃபைனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். “அடிப் பைத்தியமே, இது தானா நின்னுபோற ஜாதிடி! இதுல ஒரு மாற்றாள் பிள்ளையவாவது விட்டு வைக்கணும். தாய்த்தண்டு நின்னுபோச்சுன்னா அதுதானே மேல தலையெடுக்கும். உன் புருஷன் வேன்யா நெட்டை ரகம் வளத்தவரு, அத மாதிரி எல்லாத்தையும் மொட்டையடிச்சுட்டியே!”

நீ இதில் வேறு அர்த்தம் கண்டுபிடிக்கிறாய் என்று தெரியும். கண்டுபிடிக்காதே. நான் செடியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வேரோடு ஒட்டிக் கீழே சின்னதாக ஏதோ முளைக்கிறது. அதைத் தொடாமல் விட்டிருக்கிறேன். இனி காய்க்குமா, தெரியவில்லை. ஜூன் பாதி போய்விட்டதே.

அலமாரி அப்படியே இருக்கிறது. தூசி மட்டும் தட்டினேன். தட்டலாம் இல்லையா?

ரிம்மா

•

தீமஷோவ்ஸ்க், 6 ஜூலை 1997

சித்தி,

தட்டலாம். தட்டை எடுத்துச் சாப்பிடவும் செய். மேசையில் நான் சொன்னது உன்னை இல்லை. சாப்பாட்டுக்கு வந்திருந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, எல்லாத் தட்டையும் கொண்டுபோய்விடுவாளோ என்று சொன்னேன். ஆனால் கேட்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிகிற மாதிரி நான் சொல்லவில்லை.

குட்டை ரகத்தில் ஒன்றை விட்டு வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இங்கே தொழிற்சாலைப் பண்ணையில் அப்படித்தான் செய்கிறார்கள். மார்ச் மாதம் உனக்கு எழுதும்போது அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ‘மாற்றாள் பிள்ளை ஒன்றை விட்டு வையுங்கள்’ என்று எழுதினால், அதை நான் எனக்காகக் கேட்கிற மாதிரி இருக்காதா? அதனால் எழுதவில்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்தக் குத்தல் வரியை எழுதினேன். உன் செடி நின்றுபோனதில் பாதி என் வேலை.

கீழே முளைப்பதைக் குச்சியில் கட்டு. வெயில் நாளில் கதவைத் திறந்து வை, உள்ளே வேக விடாதே. காலையில் தண்டைத் தட்டிவிடு, பூந்தூள் உதிரட்டும். ராத்திரி குளிர்ந்தால் மேலே இன்னொரு துணி போர்த்து. ஆகஸ்ட் கடைசியில் பழம் வரும்.

ஆகஸ்ட் 19, ஆப்பிள் திருநாளுக்கு வருகிறேன். கண்ணாடியை யாருக்கும் கொடுக்காதே.

யெகோர்

•

குங்கூர், 26 ஆகஸ்ட் 1997

யெகோர்,

தந்தி வந்தது. ‘விடுப்பு இல்லை மன்னிக்கவும்.’ மூன்றே சொல்.

ஆப்பிள் திருநாளுக்கு மூன்று வகை அடை சுட்டேன். உள்ளே மீனும் வைத்தேன், முட்டைக்கோசும் வைத்தேன், உனக்குப் பிடித்த ஆப்பிளும் வைத்தேன். ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன். மறுநாளும் வரலாம் என்று எடுத்து வைத்தேன். கடைசியில் டிப்போ பயல்கள் தின்றார்கள். “உங்க பையன் வராததுக்கு நன்றி சொல்லுங்கக்கா” என்று மகர் கேலி பண்ணினான். அவன் முகத்தில் துண்டை வீசி அடித்தேன்.

ஆகஸ்டில் தக்காளித் தொழிற்சாலை ஆளை விடாது என்று எனக்கும் புரிகிறது, நான் முட்டாள் இல்லை. மார்ச்சிலேயே எழுதியிருந்தாய். ஆனால் வருகிறேன் என்று எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதினதால்தான் இவ்வளவும்.

ஃபைனாவின் மாப்பிள்ளைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னேன். சொன்ன சொல்லை மாற்றிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பழம் ஓய்ந்ததும் கழற்றிக்கொண்டு போவான்.

சித்தி

•

குங்கூர், 11 செப்டம்பர் 1997

யெகோர்,

உன் மூன்று பக்க மன்னிப்புக் கடிதம் வந்தது. பணம் கொடுத்தாவது கண்ணாடியைத் திரும்ப வாங்கு என்கிறாய். நேற்றே கழற்றிவிட்டார்கள். மாப்பிள்ளைப் பையன் அதற்குள் இரண்டை உடைத்தும் விட்டான், அவனுக்கு எதையும் மெதுவாகத் தூக்கத் தெரியவில்லை. குடில் இருந்த இடத்தில் தரை மட்டும் கறுப்பாக இருக்கிறது. ஃபைனா என் பக்கத்தில் நின்று அழுதாள். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அழுதேன். அவசரப்பட்டுவிட்டேன், யெகோர். வாயிலும் அவசரம், கையிலும் அவசரம்.

விடு. பழம் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஒரு ரகம் நான் நினைத்தே பார்க்காத அளவுக்குக் காய்த்தது. இலையில் கருகல் வருவதற்கு முன்னால் செடியிலேயே சிவந்தது! இந்த ஊரில் செடியில் சிவந்த தக்காளியை நான் பார்த்ததே இல்லை. எந்த ரகம் என்று சொல்ல மாட்டேன். தின்று பார்த்துவிட்டு நீயே சொல். துரைதான் பெரிய நிபுணர் ஆயிற்றே.

கடைசிக் காய்களை இளஞ்சிவப்பில் பறித்து உன் பூட்ஸுக்குள் படுக்க வைத்திருக்கிறேன். 26ஆம் தேதி பெர்முக்குப் போய், கடற்கரைக்குப் போகிற ரயிலில் ஏழாம் பெட்டி கண்டக்டரம்மாவிடம் கொடுத்துவிடுவேன். எல்லோரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். 28ஆம் தேதி சாயங்காலம் உன் ஸ்டேஷனுக்கு வரும். போய் வாங்கிக்கொள். அதற்காவது விடுப்பு கிடைக்குமா?

சித்தி

•

தீமஷோவ்ஸ்க், 5 அக்டோபர் 1997

சித்தி,

நீ அனுப்பிய பழப் பெட்டி என் கைக்கு வரவில்லை. கண்டக்டரம்மா மேல் தப்பில்லை. அவளைத் திட்டாதே.

28ஆம் தேதி ரயில் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே போய் நின்றேன். சட்டைகூட நல்லதாகப் போட்டுக்கொண்டு போனேன். ரயில் இங்கே கொஞ்ச நேரம்தான் நிற்கும். ஏழாம் பெட்டிக்கு எதிரில் என்னை மாதிரி சாமான் வாங்க வந்தவர்கள் கூட்டமாக நின்றார்கள். அந்தம்மா கதவில் நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுத்துக் கொடுத்தாள். என் பேரைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் “ரிம்மாவோட மகன்!” என்று கூப்பிட்டாள். யாரும் போகவில்லை. “ரிம்மாவோட மகன் யாருப்பா? வந்துருக்கானா இல்லையா?” நான் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். யாரோ ஒரு ரிம்மா, அவளுக்கு ஒரு மகன், எங்கே போய்த் தொலைந்தான் என்று நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன், சித்தி. இன்னொரு தடவையும் கூப்பிட்டாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டாள். ரயில் நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் ஓடினேன்.

நாலு நாள் கழித்து அதே ரயில் திரும்பி வரும்போது போனேன். அந்தம்மாதான் இருந்தாள். “அடப்பாவி, நீயா? தொண்டை கிழியக் கத்துனேனேப்பா! ‘நெட்டையா, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு ஒருத்தன் நிப்பான், அவன்தான் என் மகன்’னு உங்கம்மா சொல்லி விட்டாங்க. நெட்டையா நீ நின்னத நானும் பாத்தேன். கூப்பிட்டா நீ வேற யாரையோ தேடுற” என்றாள். பழம் கடற்கரை போவதற்குள் கனிந்து ஒழுக ஆரம்பித்துவிட்டதாம். வீணாக வேண்டாமென்று வண்டியில் இருந்தவர்கள் உப்புத் தொட்டுச் சாப்பிட்டார்களாம். ஒன்றுகூட மிச்சமில்லை.

அவளுக்கும் பெர்ம் பக்கத்தில் கண்ணாடிக் குடில் இருக்கிறதாம். “எங்க ஊர் குளுருக்கு இப்படி ஒரு பழத்த நான் தின்னதே இல்லப்பா. வெத எடுத்து வைக்கத் தோணாமப் போச்சு. எந்த ரகம்னு உங்கம்மாகிட்டக் கேட்டுச் சொல்றியா?” என்றாள்.

“அம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேன்” என்றேன். இந்தத் தடவை சட்டென்று வந்துவிட்டது.

நீ தின்று பார்த்துவிட்டுச் சொல்லச் சொன்னாய். நான் தின்னவில்லை, என்னால் சொல்ல முடியாது. அது எந்த ரகம்?

யெகோர்